நனைந்த தானியமும் நனைந்த காரும்





கத்தாரில் ஆறு ஆண்டுகளாக ஏ.சி. மெக்கானிக்காக வேலை பார்த்துவரும் நம் தங்கையின் மகன், சென்ற விடுமுறையில் அரிமளம் வந்திருந்தான். ஒருநாள் மஃரிப் தொழுகை முடிந்து, மதரஸாப் பிள்ளைகள் வீடு திரும்பிய பிறகு, கைப்பேசியை எடுத்து நம்மிடம் ஒரு படத்தைக் காட்டினான். நீல நிறக் கார் ஒன்று. 2018ஆம் ஆண்டில் பதிவு செய்யப்பட்ட ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். இரண்டு லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின், 230 குதிரைத்திறன். பார்ப்பதற்குக் குடும்பக் கார் போலவே இருக்கும்; ஓட்டத்தில் பந்தயக் கார்களுக்கு உறவு என்று விளக்கினான். சிறுவனாக இருந்தபோதே தெருவில் செல்லும் கார்களின் பெயரை ஓசையை வைத்தே சொல்லுகிறவன் அவன். அந்த ஆசையை நாம் அறிவோம்.

"மாமா, ஒன்பது லட்சம் கேட்கிறார்கள். இதே ஆண்டு வண்டி வேறு இடத்தில் இருமடங்கு விலை. என்னிடம் இருக்கும் பணத்தில் வட்டிக் கடன் இல்லாமல் இதை வாங்கிவிடலாம். ஒரே ஒரு விஷயம், இது டோட்டல் லாஸ் ஆன வண்டி. 2023 டிசம்பரில் சென்னையில் தண்ணீரில் நின்றது. இன்சூரன்ஸ் கம்பெனி பணம் கொடுத்து முடித்துவிட்டது. பிறகு ஏலத்தில் எடுத்துச் சரிசெய்திருக்கிறார்கள். வாங்கலாமா?"

வட்டியைத் தவிர்க்க வேண்டும் என்ற எண்ணத்தோடு கேட்கப்படும் கேள்வியை எளிதாகத் தள்ளிவிட இயலாது. கடன் வாங்கிப் புதிய கார் எடுக்கும் இளைஞர்கள் பெருகிவிட்ட காலத்தில், கையிலுள்ள பணத்துக்குள் ஆசையை அடக்க முயன்ற பிள்ளையை எண்ணி உள்ளம் மகிழ்ந்தது. ஆனால் அவன் அடுத்துச் சொன்ன சொல் நம்மை நிறுத்தியது.

"பிடிக்கவில்லை என்றால் அடுத்த லீவில் நல்ல விலைக்குக் கொடுத்துவிடலாம் மாமா. ஆர்.சி. புத்தகத்தில் இதெல்லாம் வராது."

ஒரு வாரம் பொறுத்திருக்கச் சொன்னோம். அந்த ஒரு வாரத்தில் நாம் விசாரித்து அறிந்ததையும், நம் சொந்த வாழ்வில் நடந்த ஒரு தவற்றையும் இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

டோட்டல் லாஸ் என்றால் என்ன?

பெயரைக் கேட்டதும் நொறுங்கிக் கிடக்கும் இரும்புக் குவியல்தான் நம் கண்முன் வருகிறது. உண்மை அவ்வளவு எளிதன்று. காப்பீட்டுப் பத்திரத்தில் வண்டிக்கு ஒரு மதிப்பு எழுதப்பட்டிருக்கும். அதை ஐ.டி.வி. என்பார்கள். பழுதுபார்க்கும் செலவு அந்த மதிப்பில் 75 விழுக்காட்டைத் தாண்டினால், வண்டி முழு இழப்பாகக் கணக்கிடப்படுகிறது. நிறுவனம் உரிமையாளருக்குப் பணத்தைக் கொடுத்துக் கணக்கை முடிக்கிறது. சேதமுற்ற வண்டி ஏலத்துக்குப் போகிறது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. வண்டியின் மதிப்பு ஆண்டுதோறும் குறையும். நான்கு ஆண்டுகள் கடந்து ஐந்தாம் ஆண்டில் ஓடும் காருக்கு, விலையில் 50 விழுக்காடு கழிக்கப்படுகிறது. எட்டு லட்ச ரூபாய்க் காரின் மதிப்பு அப்போது நான்கு லட்சம். உதிரிபாகங்களின் விலையோ குறைவதில்லை. முன்பக்கம் மோதி, பம்பர், விளக்குகள், ரேடியேட்டர், இரண்டு ஏர்பேக் என்று மூன்று லட்சத்தைத் தாண்டிவிட்டால் அந்தக் காரும் டோட்டல் லாஸ்தான். அதன் எலும்புக்கூடு நேராகவே இருக்கலாம். நேர்மையான மெக்கானிக் ஒருவர் முறையாகச் சரிசெய்தால் அது பல்லாண்டு ஓடவும் செய்யும். ஆகவே டோட்டல் லாஸ் என்ற பெயர் கொண்ட வண்டிகள் எல்லாம் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல.

தண்ணீரில் மூழ்கிய வண்டி வேறு வகை. 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் கார்கள் மிதந்து சென்ற காட்சிகளை நாம் அனைவரும் பார்த்தோம். அத்தகைய வண்டிக்கு வெளியே ஒரு கீறலும் இராது. ஆனால் இக்காலக் கார்களில் கணினிப் பெட்டிகளும் கம்பி இணைப்புகளும் இருக்கைக்கு அடியிலும் தரைவிரிப்புக்குக் கீழும் ஓடுகின்றன. அங்கே புகுந்த சேற்றுநீர் அன்றே கெடுக்காது. ஆறு மாதம், ஓராண்டு கழித்துப் பச்சை பூத்து, ஒவ்வொன்றாகச் செயலிழக்கச் செய்யும். ஏர்பேக்கை இயக்கும் பெட்டி பெரும்பாலும் காரின் நடுப்பகுதியில், தரையை ஒட்டியே இருக்கிறது. மூழ்கிய எஞ்சினை அவசரப்பட்டு முடுக்கியிருந்தால், உள்ளே போன நீர் பிஸ்டன் தண்டுகளை வளைத்திருக்கவும் கூடும்.

பிரிட்டனில் 2017 அக்டோபர் முதல் இத்தகைய வண்டிகளை ஏ, பி, எஸ், என் என்று நான்கு வகையாகப் பிரிக்கிறார்கள். முதல் இரண்டு வகை மீண்டும் சாலைக்கு வரவே கூடாது. எஸ் என்றால் கட்டமைப்பில் சேதம். என் என்றால் கட்டமைப்பு தவிர்த்த சேதம். அமெரிக்க மாநிலங்களில் உரிமைப் பத்திரத்திலேயே முத்திரை விழுகிறது. நம் நாட்டு ஆர்.சி.யில் அத்தகைய வகைப்பாட்டை எழுதும் வழக்கம் இல்லை. அறவே பயன்படாதவாறு அழிந்துபோன வண்டியை 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைக்க வேண்டும் என 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 55ஆவது பிரிவு கூறுகிறது. சரிசெய்யத்தக்க வண்டிக்கு அது பொருந்தாது. திருடிய கார்களுக்கு டோட்டல் லாஸ் வண்டிகளின் சேஸிஸ் எண்ணையும் பத்திரங்களையும் பொருத்தி விற்ற ஒரு கும்பலை 2020இல் லக்னோ காவல்துறை பிடித்தது. தாள் தூய்மையாக இருப்பதால் வண்டியும் தூய்மை என்று கொள்ள முடியாது என்பதற்கு அதுவும் சான்று.

மழை அவர் செய்த தவறா?

நம் மதரஸாவில் ஆண்டுதோறும் கற்பிக்கும் நபிமொழி ஒன்று உண்டு. அபூஹுரைரா (ரலி) அறிவிப்பது. ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றது. நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலைக் கடந்தபோது அதனுள் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் தட்டுப்பட்டது. விசாரித்தபோது, மழையில் நனைந்துவிட்டது என்று வணிகர் விளக்கினார். மக்கள் காணும்படி அந்த ஈரப் பகுதியை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று நபியவர்கள் கேட்டார்கள். மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்றும் எச்சரித்தார்கள்.

2021இல், நோய்த்தொற்றுக் கால விடுமுறை முடிந்து வகுப்புகள் மீண்டும் தொடங்கியிருந்த நாட்களில், இதைச் சொல்லிக்கொண்டிருந்தோம். ஒன்பது வயதுப் பிள்ளை ஒருவர் எழுந்து, "மழை பெய்தது அவர் தப்பா உஸ்தாத்?" என்று கேட்டார்.

இல்லை என்றோம். மழை அல்லாஹ்வின் நாட்டம். நனைந்த தானியத்தை விற்பதும் தவறு என்று நபியவர்கள் கூறவில்லை. ஈரத்தை அடியில் தள்ளி, உலர்ந்ததை மேலே பரப்பியதுதான் தவறு. விலை குறைவாக இருந்தாலும் தெரிந்து வாங்குபவர் வாங்கட்டும் என்பதே அந்தப் போதனை. பிள்ளை அமர்ந்துவிட்டார். நமக்குத்தான் அன்று பாடத்தைத் தொடர முடியவில்லை.

நாம் விற்ற வண்டி

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நம் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டதை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த விடியலில் நம் வீட்டு வாசல் வேம்பு, அடியில் நின்றிருந்த மோட்டார் சைக்கிள்மீது விழுந்தது. முன் ஃபோர்க்கும் சேஸிஸும் வளைந்தன. புதுக்கோட்டையில் ஒரு பட்டறையில் கொடுத்து நிமிர்த்தி, ஓரிடத்தில் வெல்டிங் வைத்து, புதிதாகப் பெயின்ட் அடித்தோம். வண்டி ஓடியது. ஆனால் வேகமாகப் போகும்போது இடப்பக்கம் சற்று இழுத்தது.

அடுத்த ஆண்டு அதை நம் தெருவுக்கு அருகில் கடை வைத்திருந்த தையல்காரர் ஒருவருக்கு 14,000 ரூபாய்க்கு விற்றோம். நம் மார்க்கத்தைச் சேராதவர்; நம் வீட்டு விசேஷங்களுக்கெல்லாம் வருபவர். "வண்டி நல்லா இருக்குல்ல பாய்?" என்று கேட்டார். "ஓட்டிப் பாருங்கண்ணே" என்றோம். தெருமுனை வரை ஓட்டிப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுத்தார். நாம் ஒரு பொய்யும் சொல்லவில்லை. அந்த விடையைச் சொன்னதில் நமக்கு ஒரு திருப்தி கூட இருந்தது. அல்லாஹ் மன்னிப்பானாக.

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 17ஆவது பிரிவின் விளக்கத்தில், பேச வேண்டிய கடமை இல்லாத இடத்தில் வெறும் மௌனம் மோசடி ஆகாது என்கிறது. வாங்குபவரே கவனமாகப் பார்த்து வாங்க வேண்டும் என்பது வணிகச் சட்டத்தின் பொது நெறி. நம் மார்க்கம் பேசும் கடமையை விற்பவர்மீதே வைத்துவிட்டது. குறையுள்ள பொருளைக் குறையைச் சொல்லாமல் விற்பது ஆகாது என்று உக்பா இப்னு ஆமிர் (ரலி) அறிவிக்கும் நபிமொழி இப்னு மாஜாவில் இருக்கிறது. விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசி, குறையைத் தெளிவுபடுத்தினால் அவ்வணிகத்தில் பரக்கத் உண்டாகும். மறைத்தால் அந்த பரக்கத் அழிக்கப்படும் என்ற கருத்தை ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அறிவிக்கிறார். இவற்றையெல்லாம் நாம் பட்டயப் படிப்பில் படித்துத் தேர்வும் எழுதியவர்கள்.

பிள்ளையின் கேள்விக்குப் பின் இரண்டு நாள் உறங்கவில்லை. மூன்றாம் நாள் தையல்காரர் கடைக்குப் போய் நடந்ததைச் சொன்னோம். மரம் விழுந்ததைச் சொல்லியிருந்தால் 9,000 ரூபாய்க்கு மேல் அவர் கொடுத்திருக்க மாட்டார் என்று கணக்கிட்டு, 5,000 ரூபாயை எடுத்துச் சென்றிருந்தோம். அவர் தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு நம்மைப் பார்த்தார். வளைவில் ஒருமுறை சரிந்து முழங்கையில் அடிபட்டதாகவும், தம் ஓட்டுதலில்தான் பிழை என்று எண்ணியதாகவும் கூறினார். பிறகு சொன்னார்:

"அந்த வண்டியைப் போன வருஷமே திருமயம் பக்கம் ஒரு பையனுக்குக் கொடுத்துட்டேன் பாய். மதரஸா வாத்தியார்கிட்ட வாங்கின வண்டின்னு சொல்லித்தான் கொடுத்தேன். அதைக் கேட்டுத்தான் அவனும் பேரம் பேசாமல் எடுத்துக்கிட்டான்."

அந்தச் சொல் இன்றும் நம் நெஞ்சில் நிற்கிறது. நாம் மறைத்த குறைக்கு நம் தாடியும் தொப்பியும் உத்தரவாதம் ஆகியிருந்தன.

இருவருமாகத் திருமயம் சென்று அந்த இளைஞரைத் தேடிப் பிடித்தோம். அவர் அதை ஒரு கடையில் மாற்றாகக் கொடுத்துப் புதிய வண்டி எடுத்திருந்தார். கடைக்காரர் வெளியூர்த் தரகருக்குத் தள்ளியிருந்தார். அத்தோடு தடம் முடிந்தது. தையல்காரர் பணத்தைப் பலமுறை மறுத்து, பின் பெற்றுக்கொண்டு, நம்மை மன்னித்ததாகச் சொன்னார். ஆனால் இன்று அந்த வண்டியை ஓட்டுபவர் யார்? முன்னால் பெட்ரோல் டாங்கின்மீது எவர் பிள்ளை அமர்ந்திருக்கிறது? நாம் அறியோம்; அறியும் வழியும் இல்லை.

இமாம் அபூஹனீஃபா (ரஹ்) கூஃபாவில் துணி வணிகம் செய்தவர்கள். குறையுள்ள துணி ஒன்றைக் குறிப்பிட்டு, அதைச் சொல்லி விற்கும்படி தம் கூட்டாளியிடம் கொடுத்தனுப்பினார்கள். கூட்டாளி சொல்ல மறந்து விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. இமாமவர்கள் அந்த விற்பனைப் பணம் முழுவதையும் தர்மம் செய்துவிட்டார்கள் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அது மறதியால் நேர்ந்தது. நம்முடையது தெரிந்தே செய்தது. நாமும் வண்டியின் எஞ்சிய தொகையைத் தர்மம் செய்தோம். ஆயினும் அடியார்களின் உரிமை அடியார்களிடமே தீர்க்கப்பட வேண்டியது என்பதால், மறுமையில் முகமறியாத ஒருவர் நம் சட்டையைப் பிடிப்பாரோ என்ற அச்சம் நீங்கவில்லை.

இதைத்தான் தங்கை மகனிடம் அந்த வாரத்தில் சொன்னோம். "குறையுள்ள வண்டியை வாங்குவது ஹராம் அல்ல. ஆனால் அதை வாங்கும்போது அதன் குறையைச் சொல்லும் கடமையையும் சேர்த்தே வாங்குகிறாய். அது ஒரு அமானிதம். நீ சொல்லாமல் விற்றால் அது உன் கையை விட்டுப் போய்விடும். பிறகு நீ விரும்பினாலும் திரும்ப அழைக்க முடியாது." அவன் தலை குனிந்து கேட்டுக்கொண்டான். பின், "முதலில் வண்டியைப் பார்த்துவிடலாம் மாமா" என்றான். ஆசை உடனே விட்டுவிடுமா?

திருச்சியில் பார்த்தது

நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் இப்போது கார் மெக்கானிக். அவரையும் அழைத்துக்கொண்டு மூவரும் திருச்சியில் அந்தத் தரகரின் இடத்துக்குச் சென்றோம். வண்டி பளபளத்தது. உள்ளே நறுமணம் கமழ்ந்தது. தரகர் இனிமையாகப் பேசினார். தண்ணீரில் நின்ற வண்டி என்பதை அவரே முன்வந்து சொன்னார். அது நமக்குப் பிடித்திருந்தது.

மெக்கானிக் முதலில் சீட் பெல்ட்டை இறுதிவரை இழுத்தார். கடைசி முழத்தில் மெல்லிய வண்டல் படிந்திருந்தது. இருக்கையைத் தரையோடு பிணைக்கும் போல்ட்டுகளில் துரு. ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தின் மூலையில் காய்ந்த சேறு. பிறகு சாவியைத் திருப்பினார். ஏர்பேக் விளக்கு சில நொடிகள் எரிந்து அணைய வேண்டும். அது எரியவே இல்லை. எரியாத விளக்கைக் கண்டால் குறையில்லை என்று நாம் எண்ணுவோம். விளக்கின் இணைப்பே துண்டிக்கப்பட்டிருக்கலாம் என்று அவர் விளக்கினார். கணினியில் இணைத்துப் பார்த்தபோது பிழைக் குறியீடு ஒன்றும் இல்லை. ஆனால் சுயபரிசோதனைகள் எவையும் முடிவுறாத நிலையில் இருந்தன. அதாவது, நாம் வருவதற்குச் சற்று முன்புதான் எல்லாக் குறியீடுகளும் அழிக்கப்பட்டிருந்தன.

நமக்கு மடி கட்டிய மாடு நினைவுக்கு வந்தது. சந்தைக்குக் கொண்டுபோகும் முன் பாலைக் கறக்காமல் மடியில் தேக்கி, நிறையப் பால் தரும் மாடு போலக் காட்டுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அவ்வாறு ஏமாந்து வாங்கியவருக்கு வைத்துக்கொள்ளவும், ஒரு ஸாவு பேரீச்சம்பழத்தோடு திருப்பிக் கொடுக்கவும் உரிமை அளித்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள செய்தி இது. திருப்பிக் கொடுக்கும் உரிமையின் விவரத்தில் ஷாஃபிஈ, ஹனஃபி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஏமாற்றுதல் கூடாது என்பதில் வேறுபாடே இல்லை.

"ஏர்பேக் சின்ன வேலை பாய். பார்த்துக்கலாம்" என்றார் தரகர். ஆறேழு நொடிகளில் நூறு கிலோமீட்டர் வேகத்தை எட்டும் வண்டி அது. அதன் முன் இருக்கையில் நம் தங்கை அமர்ந்து செல்வாள். பிறருக்குத் தீங்கிழைப்பதும் கூடாது, தனக்குத் தீங்கு தேடிக்கொள்வதும் கூடாது என்பது நம் ஷரீஅத்தின் அடிப்படை விதிகளுள் ஒன்று. அழகிய வாகனத்தை விரும்புவது பாவமன்று. ஆனால் வேகத்துக்கு முன் காப்பு வேண்டும்.

நாம் ஏதும் சொல்வதற்குள் தங்கை மகனே பேசினான். "அண்ணே, விலையில் இன்னும் ஒன்று குறைக்க வேண்டாம். இது வெள்ளத்தில் மூழ்கி டோட்டல் லாஸ் ஆன வண்டி, ஏர்பேக் வேலை செய்யவில்லை என்று முத்திரைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். ஏர்பேக்கை நான் மாற்றிக்கொள்கிறேன்."

தரகர் சிரித்தார். உண்மையான பரிவோடுதான் சொன்னார்: "அப்படி எழுதி வாங்கிக்கிட்டா நாளைக்கு நீங்க எப்படித் தம்பி விற்பீங்க? உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். எழுத்தில் எதுவும் வேண்டாம்."

எத்தனை கூறியும் அவர் எழுதித்தர இசையவில்லை. ஸலாம் சொல்லிக் கிளம்பினோம். புதுக்கோட்டையைத் தாண்டும்வரை அவன் வாய் திறக்கவில்லை. பிறகு, "அவர் எனக்கு உதவி செய்வதாகத்தான் நினைக்கிறார் மாமா. முதல் நாள் உங்களிடம் நான் சொன்னதும் இதேதானே" என்றான். நாம் மறுமொழி கூறவில்லை. தேவையும் இருக்கவில்லை.

வாங்க நினைப்போருக்கு

அத்தகைய வண்டியை வாங்கவே கூடாது என்று நாம் தீர்ப்புச் சொல்லவில்லை. ஃபத்வா அளிக்கும் தகுதி நமக்கு இல்லை. அதற்கு உலமாக்களை அணுகுங்கள். நாம் கற்றுக்கொண்டதை மட்டும் சொல்கிறோம்.

முதலாவது, எந்தக் காரணத்தால் டோட்டல் லாஸ் ஆனது என்பதை அறியுங்கள். மதிப்புக் குறைந்த காரில் வெளிப்பாகங்கள் உடைந்ததா, கட்டமைப்பு வளைந்து வெட்டி ஒட்டப்பட்டதா, நீரில் மூழ்கியதா என்பதைப் பொறுத்தே எல்லாம் அமையும். மூழ்கிய வண்டியாயின் எவ்வளவு உயரத்துக்கு நீர் ஏறியது என்று கேளுங்கள்.

இரண்டாவது, தாளைப் பாருங்கள், தாளோடு நிறுத்திவிடாதீர்கள். சேஸிஸ் எண்ணை ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். பரிவாகன் செயலியில் உரிமையாளர், கடன், காப்பீடு விவரங்களைச் சரிபாருங்கள். முந்தைய உரிமையாளரின் காப்பீட்டுப் பத்திரங்களைக் கேளுங்கள். இழப்பீடு கோராத ஆண்டுகளுக்கான தள்ளுபடி 20 விழுக்காட்டில் தொடங்கி 50 வரை ஏறும். பல ஆண்டு ஓடிய வண்டியின் பத்திரத்தில் அது திடீரெனச் சுழியத்துக்கு இறங்கியிருந்தால், முந்தைய ஆண்டில் ஏதோ நடந்திருக்கிறது என்பது பொருள். விற்பவரோடு தொடர்பில்லாத மெக்கானிக்கை அழைத்துச் செல்லுங்கள்.

மூன்றாவது, விற்பவர் குறையை எழுத்தில் தருவாரா என்று கேளுங்கள். இருந்த நிலையில் இருந்தபடியே விற்கிறேன், குறைகளுக்கு நான் பொறுப்பல்ல என்று நிபந்தனையிட்டு விற்பதை ஹனஃபி மத்ஹபு ஏற்கிறது. ஷாஃபிஈ மத்ஹபு மிகக் குறுகிய எல்லைக்குள் மட்டுமே ஏற்கிறது. ஆனால் தெரிந்த குறையைத் திரையிட்டு மூடுவதற்கு எந்த மத்ஹபிலும் இடமில்லை.

நான்காவதே தலையாயது. நாளை இதை விற்கும்போது குறையைச் சொல்லியே விற்பேன் என்று வாங்கும் முன்பே நிய்யத் வையுங்கள். அப்படிச் சொன்னால் கிடைக்கும் விலையைக் கணக்கிட்டுப் பாருங்கள். அந்தக் கணக்கிலும் வண்டி உங்களுக்குக் கட்டுப்படியானால் பிஸ்மில்லாஹ் சொல்லி வாங்குங்கள். மறைத்து விற்றால்தான் கட்டுப்படியாகும் என்றால், அந்த மலிவு விலையின் மீதியைக் கட்டப்போவது உங்களுக்குப் பின் வரும் அப்பாவி ஒருவர்.

தங்கை மகன் கார் வாங்காமலேயே கத்தார் திரும்பினான். ஆசை விடவில்லை. இப்போதும் அவ்வப்போது ஏதேனும் ஒரு காரின் படத்தை அனுப்புகிறான். முன்பெல்லாம் படத்தின் கீழே குதிரைத்திறனை எழுதுவான். இப்போது, "விபத்து உண்டா என்று கேட்டேன், எழுதித் தருவார்களா என்றும் கேட்டேன்" என்று எழுதுகிறான். இன்ஷா அல்லாஹ், அவன் மனத்துக்குப் பிடித்த வண்டி ஒருநாள் அமையும்.

யா அல்லாஹ்! எங்கள் வாணிபத்தில் வாய்மையைத் தந்தருள்வாயாக. நாங்கள் மறைத்தவற்றை இவ்வுலகிலேயே சொல்லித் தீர்க்கும் துணிவைத் தருவாயாக. நாங்கள் விற்ற வண்டியில் இன்று எவர் பயணிக்கிறாரோ, அவரை உன் காவலில் வைத்துக்கொள்வாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.